அப்பாவின் மாடுகளை விற்ற அண்ணனை எப்படி மன்னிப்பது?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 40 வயது. கணவர், மகனோடு சென்னையில் இருக்கிறேன். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம். வருகிற ஐப்பசியோடு அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா போன துக்கம் ஒரு பக்கம் என்றால், அதற்கு மேல் அண்ணன் செய்த காரியம் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. அப்பாவின் மாடுகளை அவன் விற்றுவிட்டான். மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை. பட்டிப் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது விற்றான்.

எங்களுடையது அப்பாரு காலத்திலிருந்தே காங்கயம் மாடு வளர்க்கிற குடும்பம். ஒன்பது ஏக்கர் கொறங்காடு உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொறங்காடு என்றால் தெரியாது, அதனால் சொல்கிறேன். உழவே உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்துபோனாலும் மரத்தடியில் உதிர்கிற வேலங்காயைப் பொறுக்கித் தின்று மாடு தாக்குப்பிடிக்கும். அப்பா அந்தக் காட்டை மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிடுவார். ஒரு பக்கம் புல் குறைந்தால் படலைச் சாத்திவிடுவார். பிறகு யார் சொன்னாலும் திறக்கமாட்டார். மழை பெய்து, புல் தழைத்து, விதை உதிர்ந்த பிறகுதான் திறப்பார். அவர் இறக்கும்போது கட்டுத்தரையில் 14 உருப்படிகள் இருந்தன. ஒரு பூச்சிக்காளையும் உண்டு. சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பசுவை ஓட்டிக்கொண்டு அதனிடம்தான் வருவார்கள்.

அப்பாவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மாட்டுத்தாவணியில் இருப்பார். சித்திரையில் கண்ணபுரம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. மாட்டின் வாயைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் இத்தனை பல்லு, இத்தனை வயது என்று சொல்லிவிடுவார். எனக்கு ஆறேழு வயதில் பால் பல் விழுந்தபோது, என்னையும் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் ஈறைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு பல்லு போட்டாச்சு சாமி, இனி உன்னைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். அந்த விரலில் புண்ணாக்கு வாசம் அடித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. சொன்னபடியே அடுத்த ஞாயிறு என்னைத் தோளில் உட்கார வைத்துத் தாவணிக்குக் கூட்டிப்போனார். பெண் பிள்ளையை அங்கெல்லாம் யாரும் கூட்டிவர மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறபோது இன்னொரு கையால் என் காலைப் பிடித்திருந்தார். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது மாதம் ஒரு ஞாயிறு சந்தை முடிந்து அப்படியே வந்துவிடுவார். வேட்டியில் சாணி பட்டிருக்கிறது என்று கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார்.

அப்படிப்பட்டவர் வளர்த்த மாடுகளை மூன்று மாதத்தில் விற்க எப்படி மனசு வரும்? கறிக்கு விற்கவில்லை, பக்கத்து ஊரில் நன்றாக வளர்க்கிறவருக்குத்தான் கொடுத்தேன் என்கிறான். கொறங்காட்டை மேச்சேரி ஆடு மேய்க்கிறவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். அவனுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது, அதைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் பிறந்த வீடு இல்லையா அது? பொங்கல் முடிந்தாவது விற்றிருக்கலாம். "துக்க வீடு, இந்த வருஷம் நமக்குப் பொங்கலே கிடையாது" என்கிறான். அது எனக்கும் தெரியும். அதற்காக வெறும் கட்டுத்தரையையா பார்ப்பது? மாசி மாதம் போனபோது முளைக்குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன. நான் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாடுகளும் எங்களிடம் அவ்வளவு பாசமாக இருக்கும். மயிலைப் பசு அம்மா கையைத் தவிர யாருக்கும் கறக்க விடாது. அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், இறந்தபோதுகூட, சடலத்தை எடுத்து முடித்த கையோடு அம்மா அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள், கறவை நேரம் என்று. அப்படி ஒட்டிக்கிடந்த உயிர்களை விற்றிருக்கிறான்.

2017 தை மாதம் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் திரண்ட பிறகு, நாட்டு மாடு பார்க்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ எங்கள் வீடு தேடி வந்தார்கள். சனி, ஞாயிறானால் வாசலில் நாலு வண்டி நிற்கும். அப்பா சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் சுற்றிக் காட்டுவார். செவலையாகப் பிறக்கிற கன்று ஆறு மாதம் போனால் எப்படி நிறம் மாறி மயிலையாகும், காளைக்குத் திமிலும் கழுத்தும் ஏன் கறுத்திருக்கும் என்றெல்லாம் சொல்வார். அம்மா டீ போட்டுப் போட்டுக் கொடுப்பாள். அப்படிப் பழகிய பிள்ளைகள்தான் இப்போது அப்பாவுக்கு நினைவு மலர் போட வேண்டும் என்கிறார்கள். 2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறதாம். அதற்குப் பொருத்தமாக, ஐப்பசியில் வருட நாளன்று வெளியிடலாம் என்கிறார்கள். அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு எனக்கு. நாலு பக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் இதுவரை எழுதியது அரைப் பக்கம். உட்கார்ந்தால் அண்ணன் மேல் இருக்கிற கோபம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அம்மாவிடம் கேட்டு எழுதலாம் என்றால், "உனக்குத் தெரியாததா கண்ணு, நீயே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், காலையில் ஏழு மணி வரைக்கும் தூங்குகிறாளாம், வைகாசியில் சித்தியோடு கன்னியாகுமரி போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள், கடலில் முழங்கால் வரை நின்று சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோவை அண்ணன் அனுப்பினான், நான் அதை அழித்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. அதை விடுங்கள்.

எனக்கு மிஞ்சியிருப்பது அப்பாவின் நோட்டு ஒன்றுதான். கன்று போட்ட கணக்கு எழுதிய நோட்டு. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதியதுதான் முழுக்க. அதில் நான் பிறந்ததும் இருக்கிறது. "பங்குனி 9. மயிலை. கிடேரிக் கன்று." அடுத்த வரி, "பங்குனி 14. பெண் குழந்தை. ராத்திரி 2 மணி." அதற்கடுத்த வரி, "பங்குனி 17. பெரிய செவலை. காளைக் கன்று." நான் அந்த வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தவள். இரண்டு கன்றுகளுக்கு நடுவே அப்பா என்னைச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த வரிசையை அண்ணன் அறுத்துவிட்டான் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

மாடுகளைத் திரும்ப வாங்கச் சொல்லி அண்ணனிடம் பேசலாமா? இல்லை, வருட நாளுக்கே போகாமல் இருந்துவிடலாமா? நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மகள்

•

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா உங்கள் வாயைத் திறந்து பல் பார்த்த இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். தான் மதிக்கிற ஒன்றை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அதே கவனத்தோடு மகளையும் பார்த்தவர். துண்டுக்கு அடியில் ஒரு கை, உங்கள் காலில் ஒரு கை என்று அவர் நின்ற காட்சி ஒன்று போதும், அவர் எப்படிப்பட்ட தகப்பன் என்று தெரிந்துகொள்ள. நான் இனி எழுதப்போகிற எதுவும் அந்த மனிதரைக் குறைப்பதற்காக எழுதுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் உங்களுக்கு என் மேல் கோபம் வரக்கூடும்.

அண்ணன் மாடுகளை விற்றதைக் கடிதம் நெடுக எழுதியிருக்கிறீர்கள். பட்டிப் பொங்கலைச் சொல்கிறீர்கள், மூன்று மாதம் என்று சொல்கிறீர்கள், திரும்பவும் மூன்று மாதம் என்கிறீர்கள். ஆனால் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று தொடங்கி, மூச்சுவிடாமல் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே நீளமான வாக்கியம் அதுதான். அவள் தூக்கம், அவள் போன பயணம், கடலில் நின்று சிரித்த போட்டோ, அதை நீங்கள் அழித்தது. உடனே "அதை விடுங்கள்" என்றும் எழுதிவிட்டீர்கள். என்னால் அதை விட முடியவில்லை. உங்களைத் தூங்க விடாமல் செய்வது அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் போட்டோ உங்களிடம் என்ன கேட்டது? நான் ஊகித்துச் சொல்கிறேன், தவறென்றால் ஒதுக்கிவிடுங்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவால் இப்படிச் சிரிக்க முடிகிறதென்றால், அப்பா இருந்தபோது அவள் எப்படி இருந்தாள்? இந்தக் கேள்வியை ஒரு மகள் கேட்டுக்கொள்வது மிகவும் கடினம். அப்பாவை உயிராக நேசித்த மகளுக்கு இன்னும் கடினம். அதற்கு அண்ணனோடு சண்டை போடுவது எவ்வளவோ எளிது. அவனிடம் கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கின்றன, அவன் பதிலும் சொல்கிறான், அந்தப் பதிலில் குறையும் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் கடிதத்திலிருந்தே சிலவற்றை எடுத்துக் காட்டுகிறேன். மயிலைப் பசு அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் கறக்க விடாது என்பதை மாட்டின் பாசத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். மாடு கட்டிய வீட்டுப் பெண்களிடம் கேட்டால் அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்வார்கள். ஒரே கைக்குப் பழகிய பசு இருந்தால், அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்க முடியாது. அதுவும் காங்கயம் மாடு உழைப்புக்குப் பேர் போன இனம், பாலுக்கு இல்லை. கன்றை ஊட்டவிட்டு, மடி இறங்கக் காத்திருந்து, கறந்தால் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகக் காலையும் மாலையும் தவறாமல் அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். அப்புறம் சாணி வழிக்க வேண்டும், தொட்டிக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும், சோளத்தட்டு எடுத்துப் போட வேண்டும். 14 உருப்படி என்றால் 14 உருப்படிக்கும். அப்பா அந்தியூர்ச் சந்தையில் இருந்த நாட்களிலும் கட்டுத்தரையில் தண்ணீர் இருந்திருக்கும். யார் நிரப்பினார்கள்?

அடுத்து, உங்கள் அமுச்சி இறந்த நாள். அதை நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அப்பா இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியும் உங்களால் ஒரு பக்கம் எழுத முடியவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தன் தாய் இறந்த அன்று சாயங்காலம் வரைதான் கிடைத்தது. எடுத்து முடித்ததும் பால் கறக்க வந்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் எங்கே உட்கார்ந்து அழுதிருப்பாள் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா? இதைக் குற்றமாகக் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் யாருமே கேட்டதில்லை, நானும் என் அம்மாவிடம் வெகுகாலம் கழித்துத்தான் கேட்டேன்.

காலை ஏழு மணித் தூக்கத்துக்கு வருகிறேன். கணவர் இறந்த சில மாதங்களில் மனைவி நன்றாகத் தூங்கினால் பார்க்கிறவர்களுக்கு உறுத்துகிறது. துக்கத்தில் விடுதலையும் கலந்து வரும். இரண்டும் ஒரே மனதுக்குள் இருக்க முடியும். ஒருவரை நேசித்துக்கொண்டே, அவர் வாழ்க்கையைத் தூக்கிச் சுமந்ததில் களைத்துப்போயிருக்கவும் முடியும். பல வருடங்களாக நாலு மணிக்கு எழுந்த உடம்பு, எழ வேண்டாம் என்று தெரிந்த பிறகு தூங்குகிறது. அதில் உங்கள் அப்பாவுக்கு எதிரான தீர்ப்பு எதையும் நான் பார்க்கவில்லை. உங்களுக்குத்தான் அது தீர்ப்பு மாதிரி கேட்கிறது.

ஹெலினா லோபாட்டா என்ற சமூகவியலாளர் சிகாகோவில் கணவரை இழந்த பெண்களிடையே பல வருடம் ஆய்வு செய்தவர். இறந்தவரைக் குறையே இல்லாதவராக, கிட்டத்தட்டப் புனிதராக நினைவில் மாற்றிக்கொள்கிற போக்கைப் பற்றி 1981-ல் எழுதினார். அப்படிச் செய்வதில் ஆறுதல் உண்டு, அதை அவர் மறுக்கவில்லை. உங்கள் வீட்டில் அம்மா அதைச் செய்ய மறுக்கிறாள், நீங்கள் செய்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. "உனக்குத் தெரியாததா கண்ணு, நீயே எழுதிக்கோ" என்று எழுந்து போகிறாளே, அதை நீங்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது அன்பாகத் தெரிகிறது. உங்களிடம் இருக்கிற அப்பாவைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்தவர் இன்னும் கொஞ்சம் பெரியவர், அதிகச் சிக்கலானவர், அவரை எங்கே வைத்துப் பேசுவது என்று தெரியாமல் எழுந்து போகிறாள்.

அண்ணன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அது அவர் தவறுதான். வெறும் முளைக்குச்சிகளைப் பார்த்து நீங்கள் வாசலில் உட்கார்ந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் மாடுகள் இருந்திருந்தால் இந்தப் பதினோரு மாதமும் அவற்றை யார் பார்த்திருப்பார்கள்? நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். அவருக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. மீதி இருப்பது ஒரே ஒருத்திதான். வெளிப்படையாகச் சொல்கிறேன், கொஞ்சம் வலிக்கும். நீங்கள் ஊருக்குப் போகிறபோது அந்தக் கட்டுத்தரை அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். அந்த ஆசையை வருடம் முழுக்கக் கட்டிக் காக்க வேண்டியவள் உங்கள் அம்மா. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் மற்றவர்களின் நினைவுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? அண்ணன் விற்பதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

மாடுகளைத் திரும்ப வாங்கச் சொல்லாதீர்கள். நன்றாக வளர்க்கிற கைக்குத்தான் போயிருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா மாட்டை அறிந்த மனிதர். கண்ணபுரத்திலும் தாவணியிலும் எத்தனை மாட்டுக்குத் தலைக்கயிற்றை மாற்றிக் கொடுத்திருப்பார்! நல்ல கைக்குப் போகிற மாட்டை அவர் அழுகிற கண்ணோடு அனுப்பியிருக்கமாட்டார். புல் குறைந்தால் படலைச் சாத்திவிடுவார் என்று எழுதினீர்களே, ஒரு நிலத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. மனைவிக்கும் அது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தும் வழி இல்லாமல் இருந்தாரா, இல்லை அந்தத் தலைமுறை ஆண்கள் பலரைப் போல அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவள் சொல்கிற பதில் நல்லதாகவும் இருக்கலாம், சங்கடமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் உங்கள் பல்லைத் தடவிப் பார்த்த அந்த விரலை அது மாற்றிவிடாது. அதை நம்புங்கள். நல்ல தகப்பனாக இருந்த ஒருவர், கணவராக எங்கேயாவது தவறியிருக்கவும் கூடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவரை நேசிக்க முடியும், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அந்த அன்பு பலவீனமானது இல்லை.

கடைசியாக அந்த நோட்டு. அதை "அப்பாவின் நோட்டு" என்று எழுதுகிறீர்கள். முழுக்க அம்மாவின் கையெழுத்து என்றும் எழுதுகிறீர்கள். நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்று வரிகளை நான் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன். பங்குனி 14, ராத்திரி 2 மணி, பெண் குழந்தை. அந்தக் குழந்தையைப் பெற்றவளே அந்த வரியை எழுதியிருக்கிறாள். தன் உடம்பில் நடந்ததை, மாட்டுக் கணக்கு நோட்டில், மூன்றாவது மனுஷி மாதிரி ஒரு வரியாக எழுதியிருக்கிறாள். மூன்று நாள் கழித்துப் பங்குனி 17-ல் பெரிய செவலை காளைக் கன்று போட்டதையும் அதே கைதான் எழுதியிருக்கிறது. பிள்ளை பெற்று மூன்றாம் நாள். ஒருவேளை எல்லாவற்றையும் மாதக் கடைசியில் மொத்தமாக எழுதியிருக்கலாம், அதுவும் அவளைக் கேட்டால்தான் தெரியும். இரண்டு கன்றுகளுக்கு நடுவே அப்பா உங்களைச் சேர்த்து வைத்தார் என்கிறீர்கள். சேர்க்கச் சொன்னது அவராக இருக்கலாம். பேனா பிடித்தவள் அவள்.

அந்த நோட்டை எத்தனையோ தடவை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு தடவை அதை அவளுடைய நோட்டாகவும் படித்துப் பாருங்கள்.

வருட நாளுக்குப் போகாமல் இருக்காதீர்கள். இன்னும் சொல்லப்போனால் நாலு நாள் முன்னாலேயே போங்கள். மலருக்கு எழுத என்று போகாதீர்கள். மலர் கிடக்கட்டும். நாலு பக்கம் வராவிட்டால் இரண்டு பக்கம் போதும், அந்தப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அவர்கள் சொன்ன 2026 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பெண் விவசாயிகளுக்கான ஆண்டாகவும் அறிவித்திருக்கிறது. அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் டீ குடித்திருக்கிறார்கள், கொடுத்தவளையும் அவர்களுக்குத் தெரியும்.

அண்ணனிடம் அந்தக் கன்னியாகுமரிப் போட்டோவைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அழித்துவிட்டதாகச் சொல்ல வெட்கமாக இருந்தால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அவரோடு பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல சாக்கு. மாட்டைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

ஊருக்குப் போனதும் ஒரு மத்தியானம், வேலை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, நோட்டை அம்மா மடியில் வையுங்கள். அப்பாவைப் பற்றிச் சொல்லு என்று கேட்காதீர்கள். பங்குனி மாதப் பக்கத்தை எடுத்துக் கொடுத்து, "இதை எப்பம்மா எழுதினே?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம், அவளே படிக்கட்டும். கண்ணாடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்